முடிந்த போர் - முடியாத சட்டம்

1917-ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டு நகரம் ஒன்றிலே ஒரு படக்கொட்டகை. ஒரு சுருள் ஓடி முடிந்துவிட்டது. அடுத்த சுருளை மாட்ட வேண்டும். இடையே நான்கு நிமிடம். விளக்கு எரிகிறது. மேடை ஏறுகிறார் ஒருவர். நடிகரல்லர், பாடகரல்லர், உள்ளூர் வழக்கறிஞராக இருக்கலாம், வணிகராக இருக்கலாம். நான்கே நிமிடம் பேசுகிறார். போர்க்கடன் பத்திரம் வாங்குங்கள் என்கிறார். உணவை மிச்சப்படுத்துங்கள் என்கிறார். பகைவனுக்குப் பரிந்து பேசுவோரிடம் விழிப்பாயிருங்கள் என்கிறார். கைதட்டல் எழுகிறது. விளக்கு அணைகிறது. படம் தொடர்கிறது.

இப்படிப்பட்ட நான்கு நிமிடப் பேச்சாளர்கள் ஒருவர் இருவரல்லர், 75,000 பேர்! ஜார்ஜ் கிரீல் என்ற இதழாளரைத் தலைவராகக் கொண்டு அரசு அமைத்த செய்திக் குழு, பேசவேண்டிய பொருளையும் குறிப்பையும் வாஷிங்டனிலிருந்து அனுப்பிற்று. ஊருக்கு ஊர் பேச்சாளர் வேறு, பேச்சு ஒன்றே!

அதற்கு முந்தைய ஆண்டு நிலைமை என்ன? 1916 நவம்பரில் உட்ரோ வில்சன் இரண்டாம் முறையாகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வென்றார். நாட்டைப் போரில் சிக்காமல் காத்த நாயகர் இவர் என்பதே அவருடைய கட்சியின் முழக்கம். தாய்மார் மகிழ்ந்தனர். தந்தையர் வாக்களித்தனர். ஐந்து திங்கள் உருண்டன. 1917 ஏப்ரல் 2-ஆம் நாள், அதே வில்சன் நாடாளுமன்றத்தின் முன் நின்று போர் கேட்டார். உலகிலே மக்களாட்சி அச்சமின்றி வாழவேண்டும், அதற்காகவே இந்தப் போர் என்றார். 6-ஆம் நாள் போர் அறிவிக்கப்பட்டது.

மக்களாட்சியைக் காக்கப் போர்! கேட்கச் சுவையான சொல். ஆனால் கடல் கடந்த நாட்டிலே மக்களாட்சியைக் காக்கப் புறப்பட்ட அரசு, தன் வீட்டிலே அதனை என்ன செய்தது? அதைத்தான் நாம் ஆராயப் புகுகிறோம்.

1917 ஜூனில் ஒற்றர் தடுப்புச் சட்டம் வந்தது. படைக்கு ஆள் சேர்ப்பதைத் தடுப்போருக்கு இருபதாண்டு வரை சிறை. பெயரைப் பார்த்தால், பகைவனின் ஒற்றரைப் பிடிக்கப் பிறந்த சட்டம். பிடித்ததோ பேச்சாளரை!

யூஜீன் டெப்ஸ் என்பார் அமெரிக்கப் பாட்டாளிகளின் தலைவர். சமதர்மக் கட்சியின் சார்பில் குடியரசுத் தலைவர் தேர்தலில் அதற்குள் நான்கு முறை நின்றவர். 1918 ஜூன் 16-ஆம் நாள், ஒகையோ மாநிலத்துக் கான்டன் நகரிலே கூடியிருந்தோரிடம் அவர் பேசினார். குண்டு வீசவில்லை, பகைவனுக்குப் படம் வரைந்து கொடுக்கவில்லை. போரை அறிவிப்பவர் ஆள்வோர், போரில் மடிபவர் உழைப்போர் என்று எடுத்துரைத்தார். அதற்குப் பத்தாண்டுத் தண்டனை!

1918 நவம்பர் 11-ஆம் நாள் பீரங்கிகள் ஓய்ந்தன. போர் முடிந்தது. போருக்காக வந்த தண்டனையும் முடிந்திருக்க வேண்டுமே! இல்லை. 1919 மார்ச்சில் நாட்டின் உச்சநீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்தது. ஏப்ரலில், போர் முடிந்து ஐந்து திங்களுக்குப் பிறகு, டெப்ஸ் சிறைக்குள் நுழைந்தார். 1920 தேர்தலிலே, அட்லாண்டாச் சிறைக்குள் கைதியாக இருந்தபடியே ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். 1921 கிறிஸ்துமஸ் நாளன்றுதான் வெளியே வந்தார். போரைத் தொடங்கிய வில்சன் அவரை விடவில்லை. அடுத்து வந்த ஹார்டிங் விட்டார்.

அந்நாட்களிலேயே இதன் உட்பொருளைக் கண்டு எழுதியவர் ஒருவர் உண்டு. ராண்டால்ஃப் போர்ன் என்ற இளம் எழுத்தாளர். அமைதிக் காலத்தில் மக்கள் அரசை மறந்து தத்தம் வேலையைப் பார்க்கின்றனர். போர்க் காலத்திலோ அரசே அனைத்துமாகிவிடுகிறது, மாற்றுக் கருத்து குற்றமாகிவிடுகிறது, அரசு உரம் பெறுவதே போரால்தான் என்று அவர் விளக்கினார். அந்த நூலை முடிக்க அவருக்கு ஆயுள் இல்லை. 1918 டிசம்பரில், 32 வயதில், அக்காலத்தில் உலகை வாட்டிய விஷக்காய்ச்சலுக்கு இரையானார். அவர் எழுதிவைத்துப்போன தாள்கள், தனிமனித உரிமையே தலையாயது என்று வாதிடுவோருக்குப் பின்னாளில் பாடமாயின.

டெப்சின் சிறையாவது 1921-இல் திறந்தது. போர்க் காலத்திலே பிறந்த மற்றொரு சட்டம், ஓசையின்றி, ஒருவர் கண்ணிலும் படாமல், உறங்கிக் கிடந்தது. 1917 அக்டோபர் 6-ஆம் நாள் நிறைவேறிய பகைநாட்டு வாணிபச் சட்டம் அது. பகைவரோடு அமெரிக்கர் வாணிபம் செய்யக்கூடாது. அந்நியச் செலாவணியையும் தங்க ஏற்றுமதியையும் குடியரசுத் தலைவர் கட்டுப்படுத்தலாம். போர் நடக்கும்போது எந்த நாடும் செய்யக்கூடியதுதான். குறை கூற யாருக்குத் தோன்றும்? போர் முடிந்தது. பகைநாடு நட்பு நாடாயிற்று. சட்டத்தை எடுத்துக் குப்பையில் போட யாருக்கும் நினைவு வரவில்லை.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1933 மார்ச்சு. அமெரிக்காவில் வேலை தேடுவோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடுகின்றன. கஞ்சிக்கு நிற்கும் வரிசை தெருமுனையைத் தாண்டி நீள்கிறது. துயரம் மெய், பசி மெய், அதனை மறுப்பவன் கண்ணிருந்தும் குருடன். மார்ச்சு 4-ஆம் நாள் பதவியேற்ற பிராங்க்ளின் ரூசுவெல்ட், தம் முதற் பேச்சிலேயே போரை அழைத்தார். ஜெர்மனி மீதல்ல, நெருக்கடி மீது போர்! அந்நியன் படையெடுத்து வந்தால் எவ்வளவு அதிகாரம் தரப்படுமோ, அவ்வளவு அதிகாரம் தமக்கு வேண்டும் என்று நாடாளுமன்றத்தைக் கேட்கப்போவதாகச் சொன்னார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

இரண்டே நாள். மார்ச்சு 6-ஆம் நாள் நாட்டின் வங்கிகள் அனைத்தையும் மூடும் ஆணை வந்தது. எந்தச் சட்டத்தின் பெயரால்? 1917-இல் பிறந்து உறங்கிக் கிடந்த அதே பகைநாட்டு வாணிபச் சட்டத்தின் பெயரால்! பகைநாடு எங்கே? இல்லை. போர் எங்கே? பேச்சிலே இருக்கிறது. சட்டத்திலே போர் என்றிருந்தது. பேச்சிலும் போர் என்றிருந்தது. இரண்டும் பொருந்திவிட்டன என்றார்கள் போலும்!

பொருந்தவில்லை என்பது அவர்களுக்கே தெரியும். அதனால்தான் மார்ச்சு 9-ஆம் நாள் ஒரே நாளில் புதுச் சட்டம் கொண்டுவந்தனர். போர்க் காலத்தில் மட்டுமல்ல, குடியரசுத் தலைவர் அறிவிக்கும் எந்த நெருக்கடிக் காலத்திலும் அந்த அதிகாரம் செல்லும் என்று பழைய சட்டத்தைத் திருத்தினர். முன்பு பிறப்பித்த ஆணைகளும் செல்லும் என்று முத்திரை இட்டனர். பிரதிநிதிகள் சபையிலே அதன்மீது விவாதம் எவ்வளவு நேரம் தெரியுமா? நாற்பது நிமிடம்! அச்சிட்ட படிகூட உறுப்பினர் கைகளுக்கு வந்து சேரவில்லை. படக்கொட்டகையில் நான்கு நிமிடம். நாடாளுமன்றத்தில் நாற்பது நிமிடம். வேறுபாடு அவ்வளவே.

வங்கிகள் மீது மக்களுக்கு நம்பிக்கை திரும்பியது என்பது உண்மை. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கதவு திறந்தாகிவிட்டது. அக்கதவின் வழியே அடுத்து என்ன வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏப்ரல் 5-ஆம் நாள் ஓர் ஆணை: மக்கள் தம்மிடமுள்ள தங்க நாணயத்தையும் தங்கக் கட்டியையும் மே 1-ஆம் நாளுக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். ஆளுக்கு நூறு டாலர் மதிப்புள்ள நாணயம் வைத்துக்கொள்ளலாம். நகைக்கும் தொழிலுக்கும் விலக்கு உண்டு. மீறினால் பத்தாண்டு வரை சிறை, பத்தாயிரம் டாலர் வரை அபராதம். அவுன்சுக்கு 20 டாலர் 67 சென்ட் என்ற கணக்கில் மக்களிடம் வாங்கினர். 1934 சனவரியில் விலையை 35 டாலர் என்று அரசே உயர்த்திக்கொண்டது! சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்தவன் ஏமாந்தான். ஆணையிட்டவன் ஆதாயம் பெற்றான். அந்தத் தடை எப்போது நீங்கியது? 1974-ஆம் ஆண்டின் கடைசி நாளில்! நெருக்கடி என்று சொல்லி வந்தது, நாற்பத்தோர் ஆண்டு தங்கிவிட்டது.

தொழிலிலும் போர்க்கோலம் புகுந்தது. 1933 ஜூனில் தேசியத் தொழில் மீட்புச் சட்டம் வந்தது. அதனை நடத்த வந்தவர் ஹியூ ஜான்சன். முதல் உலகப் போரில் படைக்கு ஆள் திரட்டும் வேலை பார்த்த தளபதி! கடை வாசல்தோறும் நீலக் கழுகுச் சின்னம் தொங்க வேண்டும். தொங்காத கடையைப் பகைவன் கடைபோல் மக்கள் பார்க்க வேண்டும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழில் விதிகள் இயற்றப்பட்டன. ஒவ்வொரு தொழிலிலும் விதி எழுத உட்கார்ந்தவர் யார்? பெரும்பாலும் அத்தொழிலின் பெரும்புள்ளிகள். நியூ ஜெர்சி மாநிலத்திலே தையற்காரர் ஒருவர், ஓர் உடையைத் தேய்த்துக் கொடுக்க 35 சென்ட் வாங்கினார். விதிப்படி 40 சென்ட் வாங்க வேண்டும்! ஐந்து சென்ட் குறைத்து வாங்கிய குற்றத்துக்காக, மாநிலத்தின் தொழில் விதிப்படி 1934-இல் அவரைச் சிறைக்கு அனுப்பினர். வறுமையோடு போர் என்றார்கள். வறியவனுக்கு மலிவாக வேலை செய்தவன் கைதியானான்!

புரூக்ளின் நகரக் கோழி வணிகர் சிலர் மீது தொடுக்கப்பட்ட வழக்கிலே, 1935 மே 27-ஆம் நாள், உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்து அத்தொழில் விதிகளை வீழ்த்தினர். காலம் நெருக்கடியானது என்பதற்காக அரசியல் சட்டம் தராத அதிகாரம் முளைத்துவிடாது என்பது தீர்ப்பின் சாரம்.

இவ்விடத்திலே வாசகர் நம்மைக் கேட்கக்கூடும்: அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? ஆலை முதலாளி விருப்பம்போல் ஆடலாமா? குழந்தைகளைச் சுரங்கத்துக்கு அனுப்பலாமா? நியாயமான கேள்வி. தனிமனித உரிமைவாதிகளில் சிலர், அரசு தொழிலில் தலையிடவே கூடாது என்பர். அங்கே நாம் அவர்களிடமிருந்து பிரிகிறோம். பிரிவதற்கு அதே அமெரிக்கக் கதையே நமக்குச் சான்று. கழுகுச் சின்னம் வீழ்ந்த பின், 1937 மே திங்களில் தொழிலாளர் நியாயச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஓராண்டுக்கு மேல் வாதம், எதிர்வாதம், வெட்டல், ஒட்டல். 1938 ஜூனில் நிறைவேறியது. மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலி. குழந்தை உழைப்புக்குத் தடை. 1941-இல் உச்சநீதிமன்றமும் அதனை ஏற்றது. நீதிமன்றத்தில் வீழ்ந்தது முரசு கொட்டி வந்த சட்டம். நிலைத்து நின்றது வாதிட்டு வந்த சட்டம்! ஆகவே நம் சண்டை கட்டுப்பாட்டோடு அன்று. கேள்வி கேட்க நேரம் தராமல், போர் போர் என்று கூவிக் கொண்டுவரப்படும் கட்டுப்பாட்டோடு.

அந்தக் கூவலோ பின்னர்ப் பெருகிற்றே ஒழியக் குறையவில்லை. 1964-இல் லிண்டன் ஜான்சன் வறுமை மீது போர் தொடுத்தார். 1971-இல் ரிச்சர்டு நிக்சன் போதைப் பொருளே முதற் பகைவன் என்றார். ஜெர்மனி மீது தொடுத்த போருக்கு ஒரு முடிவு இருந்தது, தோற்றவன் கையெழுத்திட்டான். வறுமை எந்நாளில் வெள்ளைக்கொடி பிடிக்கும்? போதை எந்த ஓலையில் கையெழுத்திடும்? பகைவனுக்கு உருவமில்லை என்றால் போருக்கு முடிவில்லை. போருக்கு முடிவில்லை என்றால் அதிகாரத்துக்கு எல்லையில்லை!

1971 ஆகஸ்டில் நிக்சன் இறக்குமதிப் பொருள்கள் மீது பத்து விழுக்காடு கூடுதல் வரி விதித்தார். வணிகர் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றத்திலே அரசு எந்தச் சட்டத்தைக் காட்டிற்று? ஆம், அதே 1917-ஆம் ஆண்டுச் சட்டம்! மேல்முறையீட்டில் அரசே வென்றது. வில்சன் மறைந்தார், ரூசுவெல்ட் மறைந்தார். அவர்கள் கையாண்ட கருவி மட்டும் கூர் மழுங்கவில்லை.

1973-இல் செனட் சபையின் குழு ஒன்று கணக்கெடுத்தது. கண்ட காட்சி திகைக்க வைத்தது. 1933-இல் ரூசுவெல்ட் அறிவித்த நெருக்கடி இன்னும் நீக்கப்படவில்லை! 1950-இல் கொரியப் போரின்போது ட்ரூமன் அறிவித்தது நீக்கப்படவில்லை. 1970, 1971 ஆண்டுகளில் நிக்சன் அறிவித்தவை இரண்டும் நீக்கப்படவில்லை. நான்கு நெருக்கடிகள் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தன. அவற்றின் துணையால் குடியரசுத் தலைவர் கைக்கு எட்டிய சட்டப் பிரிவுகள் 470! நாற்பதாண்டாக அமெரிக்க மக்கள் நெருக்கடிக்குள் உண்டு, உறங்கி, மணம் புரிந்து, மக்களைப் பெற்று வாழ்ந்திருக்கின்றனர்; அவர்களுக்கே அது தெரியாது!

1976-இல் நெருக்கடிக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டம் வந்தது. 1977-இல் பகைநாட்டு வாணிபச் சட்டத்தைப் போர்க் காலத்துக்கு மட்டும் என்று திருப்பி அனுப்பினர். ஆயினும் கியூபா மீதிருந்த தடையை அதே பழைய சட்டத்தின் கீழ்த் தொடரவிட்டனர். 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டபின், பயங்கரவாதத்தின் மீது போர் என்றார் ஜார்ஜ் புஷ். 45 நாளில், மக்களை வேவு பார்க்கும் அதிகாரங்களைப் பெருக்கும் சட்டம் நிறைவேறியது. அப்போது அறிவித்த நெருக்கடியை ஆண்டுதோறும் புதுப்பித்து இருபதாண்டுக்கும் மேலாக நீட்டினர்.

பொருளியலறிஞர் ராபர்ட் ஹிக்ஸ் 1987-இல் எழுதிய நூலில் இந்தப் போக்கினை விளக்கினார். நெருக்கடி வரும்போது அரசு வளர்கிறது. நெருக்கடி போனதும் கொஞ்சம் சுருங்குகிறது. ஆனால் பழைய அளவுக்கு ஒருபோதும் திரும்புவதில்லை. மேட்டில் ஏறும் வண்டிக்குச் சக்கரத்தின் பின்னே கட்டை போடுவார்களே, அதுபோல! அமெரிக்க வருமான வரியையே பாருங்கள். 1913-இல் உச்ச விகிதம் 7 விழுக்காடு. 1918-இல், போரின்போது, 77. அமைதி திரும்பிய பின், 1925-இல் 25. வெள்ளம் வடிந்தது, ஆறு பழைய கரைக்குப் போகவில்லை.

எங்கோ அமெரிக்காவில் நடந்த கதைதானே என்று யாரும் இருந்துவிட வேண்டாம். 1962 அக்டோபர் 26-ஆம் நாள், சீனப் படையெடுப்பின்போது இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நவம்பர் 21-ஆம் நாள் சீனாவே போர் நிறுத்தத்தை அறிவித்தது. துப்பாக்கிகள் ஓய்ந்த பிறகு, 1963 சனவரியில், நாட்டுப் பாதுகாப்பு விதிகளின் கீழ்த் தங்கக் கட்டுப்பாடு வந்தது! பதினான்கு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது. பட்டறையில் உலை அணைந்தது. பரம்பரையாக ஊதுகுழல் பிடித்த பொற்கொல்லர் குடும்பங்கள் பட்டினியில் வாடின. உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. எல்லையில் வந்தவன் சீனன். அடுப்பு அணைந்ததோ பொற்கொல்லன் வீட்டில். 1968 சனவரியில் நெருக்கடி நிலை நீங்கியது. தங்கக் கட்டுப்பாடு நீங்கியதா? அதே 1968-இல் தனிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, 1990-இல்தான் எழுந்து போயிற்று. வாஷிங்டனில் நடந்தது டெல்லியிலும் நடந்தது. ஆள்வோர் கையிலுள்ள சொல் ஒன்றே ஆதலால்!

பகுத்தறிவாளர் எந்தச் சொல்லையும் கண்மூடி ஏற்பதில்லை. மந்திரம் என்று சொல்லப்பட்டாலும் பொருள் கேட்போம்; மன்னன் வாக்கு என்று சொல்லப்பட்டாலும் காரணம் கேட்போம். போர் என்ற சொல்லுக்கு மட்டும் விலக்கு ஏன்? இனி எந்த ஆட்சியாளர், எந்தக் கட்சியினர், எந்த நாட்டிலே போர் என்று முழங்கினாலும் நான்கு கேள்விகளைக் கேட்போம். பகைவன் யார், பெயர் சொல்லுங்கள்? கேட்கும் அதிகாரம் எது, பட்டியல் தாருங்கள்? அது எந்த நாளில் முடியும், தேதி எழுதுங்கள்? முடிந்துவிட்டதென்று அறிவிப்பவர் யார், அதிகாரத்தை அனுபவிப்பவரேதாமா?

நல்ல அரசு இக்கேள்விகளுக்கு விடை தரும். பசியைப் போக்கத்தான் சட்டம் என்றால், பசித்தவனின் முன்னால் நின்று விளக்க அதற்கு அச்சம் இராது. விடை தராமல், கேட்டவனையே பகைவன் என்று சுட்டிக்காட்டும் அரசிடம் நாம் மிகுந்த விழிப்போடு இருக்க வேண்டும். டெப்ஸ் கேட்ட கேள்விக்கு வில்சன் அரசு விடை தரவில்லை, சிறைதான் தந்தது.

படக்கொட்டகையில் விளக்கு எரிவது நான்கு நிமிடமே. அதற்குள் கைதட்டவும் செய்யலாம். எழுந்து நின்று கேள்வி கேட்கவும் செய்யலாம். 1917-இல் கைதட்டியோரின் பேரர்களும் அந்தக் கைதட்டலுக்கு விலை கொடுத்தனர். நாம் எழுந்து நிற்போம், கேட்போம்!